கோல்ஃப் ரிசார்ட்டுக்கு போறதுக்கு முன்னாடி நம்ம நெல்லைக்காரங்க கேக்குற கேள்விகள்

ஒரு கோல்ஃப் ரிசார்ட்டோட கிளப்ஹவுஸ் ரிசப்ஷன்ல கொஞ்ச வருஷம் வேல பாத்துட்டு இப்ப பாளையங்கோட்டைக்கே வந்துட்டேன். வந்ததுலேர்ந்து சொந்தக்காரங்க, கூடப் படிச்சவங்க, தெருவுல உள்ள அண்ணாச்சிமாருன்னு லீவு வந்தா யாராவது ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்காங்க, கேள்வி எல்லாம் சுத்திச் சுத்தி ஒரே கேள்விதான். அதான் அவங்க கேட்ட மாதிரியே எழுதி கீழ பதில் போட்டிருக்கேன். நம்ம ஆளுங்க ரூமுக்கு முழு காசையும் கட்டிட்டு, உள்ள போனதும் இது நமக்குள்ள இடம் கிடையாதுன்னு கூச்சப்பட்டு, எதையும் கேக்காம ஓரமா நின்னு போட்டோ மட்டும் எடுத்துட்டு வாரத நிறைய பாத்துட்டேன், அது எனக்கு பொறுக்கல.

கோல்ஃப்னா பந்த அடிச்சு குழியில போடுறதுதானே, அதுக்கு எதுக்கு இவ்ளோ பெரிய இடம்?

அதேதான், பந்த அடிச்சு குழியில போடுறதுதான். ஆனா ஒரு குழிக்கும் அடிக்க ஆரம்பிக்குற இடத்துக்கும் நடுவுல 150 மீட்டரும் இருக்கலாம் 500 மீட்டரும் இருக்கலாம். அந்த மாதிரி ஒவ்வொண்ணுக்கும் ஹோல்னு பேரு, 18 ஹோல் இருந்தா முழு கோர்ஸ், 9 இருந்தா பாதி. 18 ஹோல் கோர்ஸுக்கு சாதாரணமா 100லேர்ந்து 150 ஏக்கர் வேணும், முழுசும் நடந்தா ஏழெட்டு கிலோமீட்டர், நாலு மணி நேரத்துக்கு மேல ஆகும். கடைசியில பந்து விழ வேண்டிய குழியோட அகலம் 108 மில்லிமீட்டர்தான்.

ஆரம்பிக்குற மேடை டீ, நடுவுல வெட்டி விட்ட புல்லு ஃபேர்வே, ரெண்டு பக்கமும் வளத்து விட்ட புல்லு ரஃப், மணல் பள்ளம் பங்கர், கொடி நிக்கிற இடம் கிரீன். இந்த அஞ்சும் தெரிஞ்சா போதும், மத்ததெல்லாம் கீழ வரும்.

மெம்பர் இல்லாதவங்கள உள்ள விடுவாங்களா? வாசல்லயே நிறுத்திட்டா அசிங்கமால்ல இருக்கும்?

இடத்தப் பொறுத்தது. பழைய கிளப்புன்னா மெம்பரு, மெம்பர் கூட்டிட்டு வார விருந்தாளி, இல்லன்னா அவங்களோட ஒப்பந்தம் உள்ள வேற கிளப்போட மெம்பரு, இவங்களுக்குதான் முதல் இடம், சில கிளப்புல வெளியாளுக்கு அன்னைக்கு மட்டும்னு தனி கட்டணம் வாங்கிட்டு விடுவாங்க. ரிசார்ட்டுல அந்தப் பிரச்சன இல்ல, ரூம் எடுத்தவங்கதான் அவங்களுக்கு விருந்தாளி, கோர்ஸ்ல விளையாட நேரம் மட்டும் புக் பண்ணணும். அதுக்கு பேரு டீ டைம்.

ரிசார்ட்டுன்னு போர்டு இருந்தும் கோர்ஸ் மட்டும் பக்கத்து கிளப்புக்கு சொந்தமா இருக்குற இடமும் உண்டு, அங்க ரூம் எடுத்தா கோர்ஸும் சேந்து வரும்னு நெனச்சுட்டு போகாதீங்க. புக் பண்ணும்போதே 'கோர்ஸ் உங்களுதா, சனி ஞாயிறு ரூம் கெஸ்ட்டுக்கு டீ டைம் கிடைக்குமா'ன்னு போன்ல கேட்டு, சொன்னத மெயில்லயோ வாட்ஸப்லயோ அனுப்பச் சொல்லிருங்க. மெம்பர்களுக்குள்ள போட்டி நடக்குற ஞாயித்துக்கிழமைகள்ல கோர்ஸ் மதியம் வரைக்கும் மூடியே இருக்கும்.

நம்ம திருநெல்வேலியிலேர்ந்து போய்ட்டு வார தூரத்துல எங்கெங்க இருக்கு?

நாகர்கோவில் வழியா திருவனந்தபுரம் போனா கவடியார்ல பழைய கோல்ஃப் கிளப் ஒண்ணு இருக்கு, 9 ஹோல். வடக்க போய் மலையேறுனா மூணாறுல ஹை ரேஞ்ச் கிளப், அதுவும் 9 ஹோல்தான், தேயிலைத் தோட்டத்துக்கு நடுவுல. கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895ல ஆரம்பிச்சது, 18 ஹோல், அங்க காட்டுமாடு கோர்ஸுக்குள்ள வந்து மேயும், கிட்ட போகக்கூடாது. இன்னும் தள்ளிப் போனா கோயமுத்தூர் செட்டிபாளையத்துல ஒண்ணு, ஊட்டி, வெலிங்டன், சென்னைன்னா நந்தனம்.

முதல் தடவ போறவங்களுக்கு என்ன கேட்டா கொடைக்கானல் பக்கம்தான் சொல்லுவேன், சித்திரை வெயில்ல சமவெளியில நாலு மணி நேரம் நடக்குறதுக்கு நம்ம ஒடம்பு பழகியிருந்தாலும் கூட வார பெரியவங்களுக்கு முடியாது. எங்க போனாலும் போறதுக்கு முந்தியே போன் போட்டு வெளியாளுக்கு என்ன முறைன்னு கேட்டுக்கிட்டு கெளம்புங்க.

மொத்தம் எவ்ளோ ஆகும்? ஒரு தொகைய சொல்லு, சுத்தி வளைக்காத.

ஒரே தொகையா சொல்ல முடியாது அண்ணாச்சி, இடத்துக்கு இடம் மாறும், கிழமைக்கு கிழமை மாறும். ஆனா பில்லுல என்னென்ன வரும்னு சொல்லிருதேன். கிரீன் ஃபீ, அதாவது கோர்ஸ்ல கால் வைக்க கட்டணம். கேடி கட்டணம், கேடின்னா பையத் தூக்கிட்டு கூடவே நடந்து வழி சொல்ற ஆளு. வண்டி எடுத்தா அதுக்கு தனி, அத பக்கின்னு சொல்லுவாங்க. பந்த அடிக்கிற மட்டைக்கும் கிளப்புன்னுதான் பேரு, அந்த கிளப் செட்டு வாடகை, சில இடத்துல ஷூவும் வாடகைக்கு உண்டு. பந்து வாடகைக்கு கிடையாது, வாங்கணும், புதுசா விளையாடுறவங்க எப்படியும் புதருக்குள்ளயும் தண்ணிக்குள்ளயும் நாலஞ்ச தொலைப்பாங்க, அதனால கடையில பழைய பந்து கேளுங்க, பாதிக்கும் கொறஞ்ச விலையில கிடைக்கும். எல்லாத்துக்கும் மேல வரி.

வார நாள்ல கிரீன் ஃபீ கொறைவு, சாயங்காலம் 9 ஹோல் மட்டும் ஆடுதேன்னா இன்னும் கொறைவு. 'கோல்ஃப் பேக்கேஜ்'னு ரூமோட சேத்து விக்கிறதுல கேடியும் பக்கியும் சேந்திருக்கான்னு பாருங்க, பெரும்பாலும் சேந்திருக்காது. சாப்பாட்டு பில்லுல சர்வீஸ் சார்ஜ்னு போட்டிருந்தா அது கட்டாயம் இல்ல, 2022லயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அத தானா பில்லுல சேக்கக்கூடாதுன்னு சொல்லியாச்சு. எடுக்கச் சொன்னா எடுத்துருவாங்க, தயங்காம கேளுங்க.

அப்பா வேட்டிதான் கட்டுவாரு, மைனி சேலை. கிளப்ஹவுஸ்ல விடுவாங்களா?

தமிழ்நாட்டுக்குள்ளன்னா விட்டே ஆகணும். 2014ல ஹைகோர்ட் நீதிபதி ஒருத்தர் வேட்டி கட்டிட்டு போனாருன்னு சென்னையில ஒரு கிளப்ல உள்ள விடாம திருப்பி அனுப்புனாங்க, பெரிய பிரச்சனையாகி அதே வருஷம் ஆகஸ்ட்ல சட்டமன்றத்துல சட்டமே போட்டாங்க. வேட்டி கட்டுனதுக்காக எந்த கிளப்பும் பொது இடமும் ஆள தடுக்கக்கூடாது, தடுத்தா லைசென்ஸ் போகும், அபராதமும் உண்டு. எங்க கவுண்டர்லயே புதுசா சேந்த பையன் ஒருத்தன் ஒரு பெரியவர வேட்டியப் பாத்துட்டு தயங்கி நிறுத்துனான், மேனேஜரே ஓடி வந்து கையப் புடிச்சு உள்ள கூட்டிட்டுப் போனாரு. கேரளாவுக்கோ கர்நாடகாவுக்கோ அந்த சட்டம் செல்லாது, அங்க கேட்டுக்கணும்.

இது உள்ள வந்து உக்காந்து சாப்பிடுறதுக்கு. விளையாட இறங்குறதுக்கு உடை வேற, காலர் வச்ச டீஷர்ட், பேண்ட்டு இல்லன்னா முட்டி வரைக்கும் உள்ள ஷார்ட்ஸ், ஜீன்ஸும் ரவுண்ட் நெக்கும் பெரும்பாலான இடத்துல கூடாது. ஷூவுக்கு அடியில ரப்பர் முள்ளு இருந்தா நல்லது, சாதா ஸ்போர்ட்ஸ் ஷூவும் ஒத்துக்குவாங்க, ஹீல்ஸ் மட்டும் கிரீன் மேல ஏறவே கூடாது. பொம்பளைங்க சுடிதார்ல விளையாடி பாத்திருக்கேன், துப்பட்டாவ கழட்டி வச்சுட்டு ஆடுனா கை நல்லா சுத்தும்.

நாங்க யாரும் விளையாட மாட்டோம். சும்மா கிளப்ஹவுஸ்ல உக்காந்திருக்கலாமா? என்னதான் இருக்கும் உள்ள?

தாராளமா. பாதிப்பேரு அதுக்குதான் வாராங்க, ரூம் சாவி கையில இருந்தா கிளப்ஹவுஸும் உங்களுதுதான். ரெஸ்டாரண்ட், பார், நீச்சல்குளம், ஜிம், லாக்கர் ரூம், ஸ்டீம், சில இடத்துல பில்லியர்ட்ஸ், டேபிள் டென்னிஸ், சீட்டாட தனி ரூம், லைப்ரரி. கோல்ஃப் சாமான் விக்கிற கடைக்கு புரோ ஷாப்னு பேரு. கடைசி கிரீனப் பாத்த மாதிரி ஒரு வராந்தா கட்டாயம் இருக்கும், சாயங்காலம் அங்க போய் ஒரு காபி சொல்லிட்டு உக்காந்தீங்கன்னா வாரவங்க எல்லாரும் கடைசி ஹோல்ல படுற பாட்ட பாக்கலாம், ஒரு பைசா கூடுதல் கிடையாது.

எது ரூம் வாடகையில சேந்தது எது தனின்னு முதல் நாளே கேட்டுருங்க. குளமும் ஜிம்மும் பெரும்பாலும் சேந்தது, ஸ்பாவும் மசாஜும் எப்பவும் தனி. குளத்துல நைலான் துணி கட்டாயம், காட்டன் டீஷர்ட்டோட இறங்கக் கூடாதுன்னு சொல்லுவாங்க, அது நூல் பிரிஞ்சு ஃபில்டர அடைக்குங்கிறதுக்காகத்தான், அதுல கோச்சுக்க ஒண்ணுமில்ல, கடையில யானை விலை சொல்லுவாங்கங்கிறதால நம்ம ஊர்லயே வாங்கிட்டுப் போயிருங்க. வெளிய வாங்குன பாட்டில பாருக்குள்ள எடுத்துட்டுப் போக முடியாது.

ஆச்சி வெங்காயம் பூண்டு சேக்க மாட்டாங்க. சாப்பாட்டுக்கு என்ன செய்ய?

காலையிலயே சொல்லி வச்சா தனியா செஞ்சு குடுப்பாங்க, கடைசி நேரத்துல சொன்னாதான் கஷ்டம். கிளப்ஹவுஸ் சமையல்ல சாண்ட்விச்சும் கட்லெட்டும் நல்லாருக்கும், சாம்பார் சாதம் எதிர்பாத்து போகாதீங்க. நம்ம சொதி மாதிரி ஒண்ணு எங்கயும் கிடைக்கல.

சின்ன பிள்ளைங்கள கூட்டிட்டுப் போலாமா? ஆறு வயசுலயே விளையாட முடியுமா?

கூட்டிட்டுப் போங்க, ஆனா கோர்ஸுக்குள்ள தனியா ஓட விடக்கூடாது, காரணம் கீழ பந்து ஆள் மேல படுற கேள்வியில இருக்கு. பிள்ளைகளுக்கு ஏத்த எடம் பயிற்சி கிரீன், அங்க பந்த உருட்டி மட்டும் விடுறது, அடி கிடையாது, ஆபத்தும் கிடையாது. குட்டி சைஸ் கிளப் இருக்கான்னு கேளுங்க, பெரியவங்க கிளப்ப குடுத்தா பிள்ளைக்கு கை வலிக்கும், அப்புறம் ஆசையே போயிரும்.

வயசு ஒரு தடையே இல்ல. பெங்களூர்க்காரப் பிள்ளை அதிதி அசோக் அஞ்சு வயசுல ஆரம்பிச்சவங்க, டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல மயிரிழையில பதக்கம் தப்பி நாலாவது வந்தாங்க. அப்ப அவங்க பையத் தூக்கிட்டு கூட நடந்தது அவங்க அம்மா. கடைசி நாள் அன்னைக்கு கோல்ஃப்னா என்னன்னே தெரியாத வீட்டுல கூட விடியக்காலம் எந்திச்சு டிவி பாத்தாங்க.

ஒரு தடவ கூட கிளப்ப புடிச்சதில்ல. நேரா கோர்ஸ்ல இறங்கிரலாமா?

வேண்டாம், விடவும் மாட்டாங்க. முதல்ல டிரைவிங் ரேஞ்ச். ஒரு வரிசையில நின்னு எதுக்க உள்ள வெளியில பந்த அடிக்கிற இடம், ஒரு வாளி பந்து இவ்ளோன்னு காசு, பந்த நீங்க போய் பொறுக்க வேண்டாம். கூடவே ஒரு கோச்ச அரை மணி நேரம் கேளுங்க, கிளப்ப புடிக்கிற விதத்த ஒருத்தர் கையப் புடிச்சு காட்டுனாதான் வரும், வீடியோ பாத்து வராது.

நம்ம ஆளுங்க எல்லாருக்கும் கிரிக்கெட் கை. பந்து நம்மள நோக்கி வராது, அது பாட்டுக்கு கெடக்கும், ஆனாலும் எட்டி அடிக்கப் பாப்போம், கண்ண தூக்கி பந்து எங்க போகுதுன்னு அதுக்குள்ள பாப்போம், கிளப்பு பந்துக்குப் பின்னாடி மண்ணக் கொத்தும். டிரைவர்ங்கிற பெரிய மண்டை கிளப்ப முதல் நாள் தொடாதீங்க, ஏழாம் நம்பர் அயன் குடுங்கன்னு கேளுங்க, மெதுவா சுத்துங்க. ஒரு பந்து சரியா பட்டுச்சுன்னா கையில ஒண்ணுமே பட்ட மாதிரி இருக்காது, பந்து மட்டும் எந்திச்சு போகும், அதுக்கப்புறம் வாளி தீருற வரைக்கும் நீங்க எடத்த விட்டு நகர மாட்டீங்க.

கேடி எதுக்கு? நானே பையத் தூக்கிக்கிட்டா காசு மிச்சம்தானே?

பல இடத்துல கட்டாயம், கட்டாயம் இல்லன்னாலும் புதுசா போறவங்க எடுத்தே ஆகணும்னு சொல்லுவேன். பை தூக்குறது அவங்க வேலையில கடைசி. எத்தன மீட்டர் இருக்கு, எந்த கிளப்பு, கிரீன் எந்தப் பக்கம் சரியுது, பந்து எங்க போய் விழுந்துச்சு, எல்லாம் அவங்க கண்ணுலதான் இருக்கு. உங்களுக்கு வெறும் பச்சையா தெரியுற இடத்துல அவங்களுக்கு மேடும் பள்ளமும் தெரியும்.

கட்டணம் கவுண்டர்லயே போர்டுல போட்டிருக்கும். நிறைய இடத்துல கேடிக்கு மாசச் சம்பளம் கிடையாது, ஒரு ரவுண்டுக்கு இவ்ளோதான், மழ பெஞ்சா அன்னைக்கு வருமானமே இல்ல. அதனால கட்டணத்துக்கு மேல கொஞ்சம் கையில குடுங்க, பேர கேட்டு பேரச் சொல்லிக் கூப்பிடுங்க, பாதியில டீ குடிக்கும்போது அவங்களுக்கும் சேத்து சொல்லுங்க. 'ஏல, தம்பி, இங்க வா'ன்னு ஐம்பது வயசு ஆளக் கூப்பிடுறத நான் கேட்டிருக்கேன், தயவு செஞ்சு செய்யாதீங்க.

ஆபீஸ்ல எல்லாரையும் கூட்டிட்டு போறாங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது, எல்லார் முன்னாடியும் மானம் போயிருமே?

போகாது. இந்த மாதிரி ஆபீஸ் கூட்டத்துக்குன்னே ஸ்கிராம்பிள்னு ஒரு முறை வச்சிருக்காங்க. நாலு பேர் ஒரு டீம், நாலு பேரும் அடிக்கணும், அதுல எந்தப் பந்து நல்லா விழுந்திருக்கோ அங்கேர்ந்து மறுபடி நாலு பேரும் அடிக்கணும், கடைசி வரைக்கும் அப்படியே. உங்க அடி சரியில்லன்னா யாருக்கும் நஷ்டமே இல்ல, ஒரே ஒரு நல்ல அடி அடிச்சாலும் டீமுக்கு லாபம்.

ஆட்டம் தெரியலன்னா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, முறை தெரியலன்னாதான் முகம் சுளிப்பாங்க. ஒருத்தர் அடிக்கப் போகும்போது பேசக்கூடாது, போன் சைலண்ட்ல இருக்கணும், அவங்க கண்ணுல படுற மாதிரி நடக்கக்கூடாது. பங்கர் மணல்ல இறங்குனா ஏறும்போது ரேக்க வச்சு கால்தடத்த கலச்சு விடணும். கிரீன் மேல ஒருத்தர் பந்துக்கும் குழிக்கும் நடுவுல உள்ள பாதைய மிதிக்கக்கூடாது. பின்னாடி வார கூட்டம் காத்து நின்னா கைய காட்டி அவங்கள முன்னாடி விட்டுரணும். இத மட்டும் செஞ்சா உங்க மேனேஜர விட உங்களுக்குதான் அங்க மரியாத.

பார், பர்டி, போகின்னு என்னமோ சொல்லுதாங்களே?

நல்லா ஆடுறவங்க ஒரு ஹோல எத்தன அடியில முடிக்கணுமோ அதான் பார். மூணு, நாலு, அஞ்சு, இதுல ஒண்ணு. 18 ஹோலையும் கூட்டுனா பெரும்பாலும் 72 வரும். பாருக்கு ஒண்ணு கொறச்சு முடிச்சா பர்டி, ரெண்டு கொறஞ்சா ஈகிள், ஒண்ணு கூடுனா போகி. ஒரே அடியில குழிக்குள்ள போட்டா ஹோல் இன் ஒன், போட்டவர்தான் அன்னைக்கு கிளப்ஹவுஸ்ல எல்லாருக்கும் வாங்கிக் குடுக்கணும்னு வழக்கம்.

ஹேண்டிகேப் எவ்ளோன்னு ஃபாரத்துல கேக்காங்க, என்ன எழுதணும்?

முதல் தடவன்னா 'இல்ல'ன்னு எழுதுங்க, அது தப்பே இல்ல. நீங்க வழக்கமா பாருக்கு மேல எத்தன அடி கூட எடுப்பீங்கங்கிறத வச்சு போடுற கணக்கு அது, அத வச்சுதான் நேத்து ஆரம்பிச்சவரும் இருபது வருஷமா ஆடுறவரும் ஒரே போட்டியில சமமா மோத முடியுது. 2020லேர்ந்து உலகம் முழுக்க ஒரே முறை, அதிகபட்சம் 54. ரிசார்ட்டுல எதுக்கு கேக்காங்கன்னா பெரிய போட்டி நடக்குற கோர்ஸ்ல ஒண்ணும் தெரியாதவங்கள பீக் அவர்ல விட்டா பின்னாடி எல்லாம் தேங்கிரும். இல்லன்னு எழுதுனா மதியத்துக்கு மேல டீ டைம் குடுப்பாங்க, ரேஞ்சுல நாலு பந்து அடிச்சு காட்டச் சொன்னாலும் சொல்லுவாங்க.

என் பந்த மயிலோ குரங்கோ தூக்கிட்டுப் போயிட்டா என்ன கணக்கு?

பாபநாசம் பக்கத்து ஆளு ஒருத்தர் கேட்டாரு, குரங்கு கூடயே வாழுறவங்க கேக்கத்தானே செய்வாங்க. நின்னுக்கிட்டு இருந்த பந்த மிருகம் தூக்குனது கண்ணால பாத்தாச்சு, இல்லன்னா நிச்சயமா தெரியும்னா, அபராதம் எதுவும் இல்ல, பந்து முதல்ல இருந்த இடத்துலயே வேற பந்த வச்சு ஆடலாம். யாரும் பாக்கல, சும்மா சந்தேகம்தான்னா அது தொலஞ்ச பந்து கணக்கு, தேட மூணு நிமிஷம் (2019க்கு முந்தி அஞ்சு நிமிஷம்), கிடைக்கலன்னா ஒரு அடி அபராதத்தோட முன்ன அடிச்ச எடத்துக்கே திரும்பப் போகணும்.

இதுலயே இன்னொண்ணு. கிரீனுக்கு வெளியேர்ந்து நீங்க அடிச்ச பந்து போற வழியில நாய் மேல பட்டு திரும்பி வேற எங்கயோ போய் நின்னுச்சுன்னா, நல்லதுக்குப் போனாலும் கெட்டதுக்குப் போனாலும் நின்ன எடத்துலேர்ந்துதான் ஆடணும்.

எதுத்த டீம் ஆள்கிட்ட 'எந்த கிளப்புல அடிச்சீங்க'ன்னு கேட்டா தப்பாமே?

போட்டியில தப்பு, ரெண்டு அடி அபராதம். யோசனை கேக்கலாம், ஆனா உங்க கேடிகிட்ட, இல்ல உங்க கூட்டாளிகிட்டதான். இதனாலயும்தான் கேடி வேணும்னு மேல சொன்னேன். கொடி எத்தன மீட்டர், பங்கர் எங்க இருக்குங்கிற மாதிரி எல்லாருக்கும் பொதுவான விவரத்த யார்கிட்ட வேணும்னாலும் கேக்கலாம். லீவுக்கு போய் ஜாலியா ஆடும்போது இத யாரும் பாக்க மாட்டாங்க.

மழ வந்துட்டா காசு திரும்ப கிடைக்குமா?

சாரல்னா ஆட்டம் நிக்காது, குடைய புடிச்சுக்கிட்டு ஆடுவாங்க, குத்தால சீசன்ல நம்ம நனையாததா. இடி மின்னல்னா சைரன் ஊதுவாங்க, அந்த நிமிஷமே நிறுத்திட்டு கிளப்ஹவுஸுக்கு வந்துரணும், வெட்டவெளியில கையில இரும்புக் கம்பியோட நிக்குறது எவ்ளோ ஆபத்துன்னு சொல்ல வேண்டியதில்ல, மரத்தடியில ஒதுங்குறது அத விட ஆபத்து. ஐப்பசி கார்த்திகையில மதியத்துக்கு மேல டீ டைம் எடுக்காதீங்க, இடி பெரும்பாலும் அப்பதான்.

காசா திருப்பிக் குடுக்குறது அபூர்வம். முடிச்ச ஹோலக் கழிச்சுட்டு மிச்சத்துக்கு இன்னொரு நாள் வந்து ஆடிக்கோங்கன்னு சீட்டு குடுப்பாங்க. மறுநாள் ஊருக்கு கெளம்புறவங்களுக்கு அந்த சீட்டால ஒரு பிரயோசனமும் இல்ல, அதனால அத சாப்பாட்டு பில்லுலயோ ரூம் பில்லுலயோ கழிச்சுக் குடுங்கன்னு கேளுங்க, கவுண்டர்ல உள்ளவனுக்கு அந்த அதிகாரம் இருக்காது, டியூட்டி மேனேஜருக்கு இருக்கும்.

பந்து யார் மேலயாவது பட்டுருச்சுன்னா?

ரொம்ப முக்கியமான கேள்வி. பந்து 46 கிராம் கூட இல்ல, ஆனா நல்லா அடிச்சா வார வேகத்துக்கு தலையில பட்டா உயிருக்கே ஆபத்து. உங்க பந்து ஆள் இருக்குற பக்கம் திரும்புனா வெக்கப்படாம தொண்ட கிழிய 'ஃபோர்'னு கத்தணும். அந்த சத்தம் காதுல விழுந்தா திரும்பிப் பாக்காதீங்க, ரெண்டு கையாலயும் தலைய மூடிக்கிட்டு குனிஞ்சுருங்க. முன்னாடி உள்ள கூட்டம் உங்க அடி எட்டாத தூரம் போற வரைக்கும் அடிக்கவே கூடாது. வண்டி நிறுத்துறவங்க கார்ப் பார்க்கிங்ல கோர்ஸ ஒட்டி உள்ள வரிசைய விட்டுட்டு நிறுத்துங்க, கண்ணாடி ஒடஞ்சா 'உங்க பொறுப்பு'ன்னு போர்டு வச்சிருப்பாங்க.

எம்மவன் பிளஸ் டூ முடிச்சிருக்கான். கோல்ஃப் கோர்ஸ்ல வேல நிரந்தரமா, கெளரவமா இருக்குமா?

கெளரவத்துக்கு ரெண்டு பேர சொல்லுதேன். அலி ஷேர் டெல்லியில கேடியா இருந்தவர், 1991ல இந்தியன் ஓபன்ங்கிற நம்ம நாட்டுப் பெரிய போட்டிய ஜெயிச்சாரு, அதுக்கு முந்தி ஆட்டத்தையே தொழிலா வச்சிருக்குற இந்திய ஆட்டக்காரர் (புரோ) யாரும் அத ஜெயிச்சதில்ல. எஸ்.எஸ்.பி. சௌராசியா, கல்கத்தாவுல 1829ல ஆரம்பிச்ச ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்புல புல்லு பராமரிக்கிறவரோட மகன், அங்கயே வளந்து இந்தியன் ஓபன 2016லயும் 2017லயும் வரிசையா ஜெயிச்சாரு.

ஆனா உங்க மகனுக்கு கேடி வேலைய நான் முதல்ல சொல்ல மாட்டேன், வருமானம் மேல சொன்ன மாதிரி ரவுண்டுக்கு ரவுண்டுதான். புல்லு பராமரிப்புல சேரச் சொல்லுங்க, அது மாசச் சம்பளம், கத்துக்கிட்டா எந்த ஊர் கோர்ஸ்லயும் ஆள் தேவை. விவசாய வீட்டுப் பையன்னா பாதி வேல தெரிஞ்சிருக்கும், அக்ரி டிப்ளமோ படிச்சா சூப்பர்வைசர் வரைக்கும் போலாம். விடியறதுக்குள்ள போய் நீள மூங்கில் கம்ப கிரீன் மேல வீசி பனித்தண்ணிய தட்டி விடுவாங்க, அப்புறம் புல்ல மூணு நாலு மில்லிமீட்டருக்கு வெட்டுவாங்க. ஒரே எடத்த மிதிச்சா புல்லு செத்துரும்னு குழியையே எடம் மாத்துவாங்க. ரெண்டு பக்கம் கைப்பிடி வச்ச இரும்பு உருளைய புது எடத்துல இறக்கி திருகி, மண்ண புல்லோட அப்படியே முழுசா உருவி எடுத்து, அத பழைய குழிக்குள்ள இறக்கி, உள்ளங்கையால தடவித் தடவி மட்டம் பாத்து, தண்ணி தெளிச்சு விட்டா, பழைய குழி எங்க இருந்துச்சுன்னு கண்டுபிடிக்க முடியாது. எங்க இடத்துல இத செஞ்ச அண்ணன் ஒருத்தர் நம்ம அம்பாசமுத்திரத்துக்காரர்தான், வயல் வேலையிலேர்ந்து வந்தவரு.

அவங்க உழைப்புக்கு நீங்க செய்ய வேண்டியது, பந்து கிரீன்ல விழுந்து பள்ளம் ஆச்சுன்னா சின்ன முள்கரண்டி ஒண்ணு குடுப்பாங்க, அத சுத்தி குத்தி ஓரத்து மண்ண நடுவுக்கு தள்ளி புட்டரால (கிரீன்ல பந்த உருட்டுற கிளப்பு) தட்டி விடுங்க. அடியிலேர்ந்து நெம்பி தூக்குனா வேர் அறுந்துரும், அப்புறம் அந்த எடம் தேற வாரக்கணக்காகும்.

இவ்ளோ தண்ணிய குடிக்கிற புல்லு நமக்கு தேவையா? நம்ம ஊர்ல ஒண்ணு வந்தா நல்லதா கெட்டதா?

தாமிரபரணிக்காரங்க இத கேக்காம இருந்தாதான் ஆச்சரியம். ஆத்துத் தண்ணியையோ குளத்துத் தண்ணியையோ எடுத்து புல்லுக்கு பாய்ச்சுற கோர்ஸ் நம்ம ஊருக்கு வேண்டவே வேண்டாம், கார் பருவத்துக்கே தண்ணி எப்ப தொறப்பாங்கன்னு அணையப் பாத்துட்டு உக்காந்திருக்கோம். குளத்த மூடி, வயல மூடி கட்டுறேன்னு வந்தாலும் நான் எதுக்கத்தான் செய்வேன்.

ஆனா நல்ல தண்ணிதான் வேணும்னு கட்டாயம் இல்ல. சுத்திகரிச்ச சாக்கடைத் தண்ணியில ஓடுற கோர்ஸ் நிறைய இருக்கு, பாஸ்பாலம்னு ஒரு புல்லு உப்புத் தண்ணியவே தாங்கும். கிரீனுக்கு அடியில ஒரு அடி ஆழத்துக்கு மணலும் அதுக்குக் கீழ ஜல்லியும் போட்டு கட்டுவாங்க, தண்ணி தேங்காம வடியணும்னு. கடலோர மணல்மேட்டுலதான் ஸ்காட்லாந்துல இந்த ஆட்டமே வளந்துச்சு. அத நெனைக்கும்போது எனக்கு எப்பவும் சாத்தான்குளம் பக்கத்து தேரிதான் ஞாபகம் வரும், 1986ல தூத்துக்குடி பிரியறதுக்கு முந்தி அதுவும் நம்ம ஜில்லாதானே. ஆனா தேரியையும் தொடக்கூடாது, அந்த செம்மண் மேடு மழத்தண்ணிய உறிஞ்சி அடியில சேத்து வைக்கிற எடம், அதுல புல்டோசர் விட்டா திரும்ப வராது.

என் ஆசைய கேட்டா, மாநகராட்சி சுத்திகரிச்சு விடுற தண்ணியில, எதுக்கும் ஆகாத தரிசுல ஒரு டிரைவிங் ரேஞ்சும் சின்னதா 9 ஹோலும் போதும். 9 ஹோலும் பார் மூணா வச்சா 20, 25 ஏக்கர்ல முடிஞ்சுரும், கேட்டுல மெம்பர்ஷிப் கேக்காம மணிக்கு இவ்ளோன்னு வாங்கிட்டு கார்ப்பரேஷன் ஸ்கூல் பிள்ளைகளையும் உள்ள விடணும். அப்படி ஒண்ணு வந்தா கவுண்டர்ல வேலைக்கு நான் முதல் ஆளா எழுதிப் போட்டுருவேன்.